கடை வளர்ந்தால் இணைப்பும் வளரவேணும்

(எமது சங்கத்தின் தமிழ்ப் புத்தாண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

  

சொந்தமாகத் தொழில் செய்கிற எங்கட ஆக்களுக்கு ரெலிபோன், இன்ரநெற் பற்றிப் பத்து நிமிடம் பேசச் சொல்லி நிர்வாகசபை என்னைக் கேட்டது. நான் பக்ரறியில் வேலை செய்கிறவன். எனக்குச் சொந்தமாகக் கடையும் இல்லை, கம்பனியும் இல்லை. இருந்தாலும் ஒத்துக்கொண்டேன். ஏனென்றால் இந்த விசயத்தில் நான் ஒரு பெரிய பிழை விட்டிருக்கிறேன். அந்தப் பிழையில் இருந்துதான் என் பேச்சைத் தொடங்கப் போகிறேன்.

எங்கட பக்கத்தில் ஒரு கடை இருக்கிறது. கடைக்காரருக்கு என் அப்பாவின் வயது. என்றாலும் ஊரெல்லாம் அவரை அண்ணை என்றுதான் கூப்பிடும். தொண்ணூறுகளில் ஒரு சின்ன அறையில் அரிசி, மிளகாய்த்தூள், வீடியோ கசற் என்று தொடங்கினவர். பிறகு ரெலிபோன் காட் விற்றார். பிறகு கலியாண வீடுகளுக்கு றோல்ஸ், பற்றிஸ் செய்து கொடுத்தார். அப்படியே வளர்ந்து, மூன்று நகரங்களில் உள்ள றெஸ்ரோறன்ருகளுக்கு மரக்கறியும் மீனும் கொடுக்கிற அளவுக்கு வந்துவிட்டார். ஐந்து பேர் அவரிடம் வேலை செய்தார்கள். ஆனால் ரெலிபோன் எண் மட்டும் அதே பழைய எண். வருடாவருடம் அவர் அடித்துக் கொடுக்கிற கலண்டரில் அந்த எண் கொட்டை எழுத்தில் இருக்கும். உங்களில் எத்தனையோ பேரின் குசினிச் சுவரில் இப்பவும் அந்தக் கலண்டர் தொங்கும்.

2017 கடைசியில் ஒருநாள் நான் வேலை முடிந்து பாண் வாங்கப் போனபோது அண்ணை ஒரு கடிதத்தை நீட்டினார். "தம்பி, நீ உயர்தரம் படிச்சனி. இதை ஒருக்கா வாசிச்சுச் சொல்லு" என்றார். பின்னேர வேலை முடித்த களைப்பு. முதல் நாலு வரி பார்த்தேன். புதிய தொழில்நுட்பம், கூடிய வேகம், நவீன இணைப்பு என்று இருந்தது. "அண்ணை, இது விளம்பரம். குப்பையிலை போடுங்கோ" என்றேன். அதன் பிறகு வந்த இரண்டு கடிதத்தையும் அவர் என்னிடம் காட்டவே இல்லை. நான் சொன்னதை நம்பி லாச்சிக்குள் போட்டுவிட்டார்.

2018 சித்திரைப் புத்தாண்டுக்கு மூன்று கிழமைக்கு முன்னர் கடை ரெலிபோன் செத்துப்போனது. ரெலிபோனோடு பக்ஸும் போய்விட்டது. காட் தேய்க்கிற மெசினும் போய்விட்டது. மூன்றும் அந்த ஒரே இணைப்பில்தான் இருந்தன. எடுத்துப் பார்த்த ஆக்களுக்கு இந்த எண் பாவனையில் இல்லை என்று ஜேர்மன் மொழியில் ஒரு குரல் சொன்னது. அண்ணைக்குச் சுகமில்லையாம், கடையைப் பூட்டிவிட்டாராம், கடனாம் என்று கதை பரவிவிட்டது. எண் திரும்பக் கிடைக்கும்போது புத்தாண்டு முடிந்துவிட்டது. இரண்டு றெஸ்ரோறன்ருகள் வேறு இடத்தில் சாமான் எடுக்கத் தொடங்கித் திரும்பி வரவே இல்லை. பகுதிநேரமாக நின்ற ஓர் அக்காவின் வேலை மணித்தியாலம் பாதியாகக் குறைந்தது. அந்த அக்காவுக்கு இரண்டு பிள்ளைகள். என்னுடைய நாலு வரி வாசிப்பின் விலை அது.

அந்தக் கடிதம் உண்மையில் என்ன சொன்னது? அதை விளங்கிக்கொள்ள, ஜேர்மனியின் ரெலிபோன் கதையைக் கொஞ்சம் பார்க்கவேண்டும்.

எங்கட மூத்தவர்கள் இங்கே வந்து இறங்கிய காலத்தில் ரெலிபோன் என்றால் புண்டஸ்போஸ்ற் என்ற அரச தபால் திணைக்களம்தான். 1995 ஜனவரியில் அதன் தொலைபேசிப் பகுதி டொய்ச்ச ரெலிகொம் என்ற பங்குக் கம்பனி ஆனது. 1998 ஜனவரி 1 முதல் மற்றக் கம்பனிகளும் ரெலிபோன் சேவை நடத்தலாம் என்று சந்தை திறக்கப்பட்டது. அதற்குப் பிறகுதான் 010 என்று தொடங்குகிற இலக்கங்களை முன்னால் அடித்து மலிவாகக் கதைக்க முடிந்தது. ஊரில் இருந்து அம்மா வவுனியாவுக்கோ கொழும்புக்கோ வந்து, கொமினிக்கேசன் கடை வாசலில் காத்திருந்து எங்களோடு கதைத்த காலம் அது. ஒரு நிமிடத்தின் விலை தெரிந்த சனம் நாங்கள்.

1989இல் ஜேர்மனியில் ஐ.எஸ்.டி.என் என்ற இணைப்பு வந்தது. ஒரே கம்பியில் இரண்டு வழி. ஒன்றில் கதைத்துக்கொண்டு இருக்கும்போதே மற்றதில் பக்ஸ் அனுப்பலாம். ஒரு இணைப்புக்குப் பல எண்கள் வைத்துக்கொள்ளலாம். சின்னக் கடைகளுக்கும் கம்பனிகளுக்கும் இது ஒரு வரப்பிரசாதம் என்றே சொல்லலாம். ஆனால் இன்ரநெற்றுக்கு அது போதவில்லை. ஒரு வழியில் 64 கிலோபிற், இரண்டையும் சேர்த்தால் 128. 1999இல் ரெலிகொம் கொண்டுவந்த டி.எஸ்.எல் 768 கிலோபிற். அதாவது ஆறு மடங்கு. பிறகு கதை, பக்ஸ், படம் எல்லாவற்றையும் இன்ரநெற் வழியாகவே அனுப்புவது என்று கம்பனிகள் முடிவெடுத்தன. பழைய இணைப்புகளை 2018 அளவில் மாற்றி முடிப்பதுதான் ரெலிகொம்மின் திட்டம். மற்றக் கம்பனிகளும் ஒவ்வொன்றாக ஐ.எஸ்.டி.என்னைக் கைவிட்டன. மாற்றத்துக்கு ஒத்துக்கொள்ளாதவர்களின் ஒப்பந்தம் நிறுத்தப்பட்டது. அண்ணையின் கடிதத்தின் இரண்டாவது பக்கத்தில் இருந்தது அதுதான். நான் இரண்டாவது பக்கத்தைத் திருப்பவில்லை.

இனி, தொழில் செய்கிறவர்கள் கவனிக்கவேண்டிய சில விசயங்களைச் சொல்லுகிறேன்.

முதலாவது, எண். கடையின் எண் கடையின் பெயர் மாதிரி. வேறு கம்பனிக்கு மாறினாலும் எண்ணைக் கொண்டுபோகலாம். இதை நீங்கள் புதிய கம்பனியிடம் கேட்கவேண்டும். பழைய ஒப்பந்தத்தை நீங்களே முதலில் வெட்டிவிடாதீர்கள். புதிய கம்பனியையே வெட்டச் சொல்லுங்கள். ஒப்பந்தம் முடிந்துவிட்டாலும் ஒரு மாதத்துக்குள் எண்ணைக் கேட்டு எடுக்க உரிமை உண்டு. 2021 டிசம்பர் 1இல் நடைமுறைக்கு வந்த புதிய தொலைத்தொடர்புச் சட்டத்தின்படி இதற்குப் பாவனையாளரிடம் காசு வாங்கவும் முடியாது.

இன்னொன்று, கடையின் எண் முதலாளியின் சொந்தக் கைத்தொலைபேசி எண்ணாக மட்டும் இருக்கக்கூடாது. முதலாளி ஆசுப்பத்திரியில் படுத்தால் கடையும் படுத்துவிடும். ஓடர் எல்லாம் மகனின் வட்ஸ்அப்பில் வருகிறது, மகன் படிக்க வேறு நகரத்துக்குப் போகிறார் என்றால் என்ன செய்வது? வட்ஸ்அப்பில் தொழிலுக்கென்று தனிச் செயலி 2018இல் இருந்து இருக்கிறது. கடைக்கென்று ஒரு தனி எண்ணில் அதை வையுங்கள். வாடிக்கையாளரின் பெயர், எண், விலாசம் எல்லாம் 2018 மே 25இல் இருந்து கடுமையான தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகின்றன. ஆகவே வீட்டுப் போனையும் கடைப் போனையும் பிரித்து வைப்பது நல்லது.

இரண்டாவது, "வரை" என்ற சொல். விளம்பரத்தில் 50 மெகாபிற் வரை, 250 மெகாபிற் வரை என்று போடுவார்கள். அந்த "வரை"க்குள்தான் எல்லாம் இருக்கிறது. செப்புக் கம்பியில் வருகிற இன்ரநெற், வீதியோரம் நிற்கிற சாம்பல் நிறப் பெட்டியில் இருந்து தூரம் போகப்போகக் குறையும். கண்ணாடி இழைக் கம்பி கட்டிடம் வரைக்கும் வந்தால் இந்தக் குறை இல்லை. 1981இலேயே ஹெல்மூட் சிமித்தின் அரசாங்கம் கண்ணாடி இழை போடத் திட்டம் வைத்தது. 1982இல் ஆட்சி மாறி ஹெல்மூட் கோல் வந்தபின் தொலைக்காட்சிக்கான செப்புக் கேபிளுக்கு முதலிடம் கிடைத்தது. அந்தப் பிந்தலை இன்னும் நாங்கள் அனுபவிக்கிறோம். ஆகவே கடைக்கு இடம் பார்க்கும்போது வாடகையை மட்டும் கேட்காமல், அந்தக் கட்டிடத்துக்கு எந்தக் கம்பி வருகிறது என்றும் கேளுங்கள்.

மூன்றாவது, மேலே போகிற வேகம். நாங்கள் எல்லோரும் கீழே இறங்குகிற வேகத்தைத்தான் பார்க்கிறோம். வீட்டில் படம் பார்க்க அது போதும். ஆனால் ஒரு கடையில் இருந்து மேலே போகிறவைதான் கூட. பாதுகாப்புக் கமெராவின் படம், கணக்குகளின் பிரதி, நாங்கள் கதைக்கிற குரல் எல்லாம் மேலே போகவேண்டும். இன்ரநெற் வழியான ஒரு ரெலிபோன் கதைக்கு ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 100 கிலோபிற் போதும். அது சின்ன அளவுதான். ஆனால் கமெரா முழு வழியையும் அடைத்துக்கொண்டால் குரல் வெட்டி வெட்டித்தான் கேட்கும். மறுபக்கம் இருக்கிறவர், இவர்களுக்கு ஒழுங்காகக் கதைக்கவே தெரியாது என்று நினைப்பார். பழுது இணைப்பில், பழி எங்கட ஜேர்மனில்!

நான்காவது, இரண்டாவது வழி. ஐ.எஸ்.டி.என் காலத்தில் கரண்ட் போனாலும் ஒரு ரெலிபோனாவது கம்பியில் வருகிற மின்சாரத்தில் வேலை செய்யும்படி வைத்திருக்கலாம். இப்போது கரண்ட் போனால் றூட்டர் போகும், றூட்டர் போனால் ரெலிபோனும் போகும். 2021 ஜூலையில் ஆர் பள்ளத்தாக்கில் வெள்ளம் வந்தபோது கம்பியும் போனது, கைத்தொலைபேசிக் கோபுரங்களும் போயின. 2022 மே 24இல் இருந்து பல நாட்கள் ஒரு வகைக் காட் மெசின் மென்பொருள் பழுதினால் நாடு முழுக்க வேலை செய்யவில்லை. பெரிய பெரிய கடைகளிலேயே காசு மட்டும் என்று எழுதி ஒட்டினார்கள். ஆகவே வேறு கம்பனியின் வலையமைப்பில் ஓடுகிற சிம் காட் போட்ட ஒரு சின்ன றூட்டர் வைத்திருங்கள். முக்கியமான எண்களைக் கடதாசியிலும் எழுதி வையுங்கள். எங்கட அம்மாமார் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் மண்ணெண்ணெய் விளக்கையும் வைத்துத்தான் குடும்பம் நடத்தினார்கள்.

ஐந்தாவது, பில். 2025 ஜனவரி 1இல் இருந்து ஜேர்மனியில் ஒரு தொழில் நிறுவனம் இன்னொரு தொழில் நிறுவனத்திடம் இருந்து மின்னியல் பில்லைப் பெற்றுக்கொள்ளத் தயாராக இருக்கவேண்டும். பெறுவதற்கு ஒரு ஈமெயில் பெட்டி போதும். ஆனால் பி.டி.எப் ஆக அனுப்புகிற சாதாரண பில் இந்தக் கணக்கில் சேராது. கொம்பியூட்டர் தானாக வாசிக்கக்கூடிய எக்ஸ்றெக்னுங், சுக்பெர்ட் போன்ற வடிவங்கள் வேண்டும். அனுப்புகிற கடமை 2026இல் 8 இலட்சம் ஒயிரோவுக்கு மேல் விற்பனை உள்ளவர்களுக்கு 2027இல் இருந்தும், மற்றவர்களுக்கு 2028இல் இருந்தும் வரும். சட்டத்தில் சிறுதொழில் என்று கணிக்கப்படுகிறவர்கள் அனுப்பத் தேவையில்லை, ஆனால் பெறவேண்டும். றெஸ்ரோறன்ருக்குச் சாமான் கொடுக்கிறவர்கள், துப்புரவுக் கம்பனி நடத்துகிறவர்கள் இதை இன்றைக்கே தங்கள் வரி ஆலோசகரிடம் கேளுங்கள்.

கடைசியாக, கையெழுத்து. தொழிலுக்கான ஒப்பந்தமும் வீட்டுக்கான ஒப்பந்தமும் ஒன்றல்ல. வீட்டு இணைப்பு பழுதாகி நீங்கள் அறிவித்தபின் திருத்தாவிட்டால், மூன்றாம் நாளில் இருந்து நாளுக்கு 5 ஒயிரோ அல்லது மாதக் கட்டணத்தின் 10 வீதம், ஐந்தாம் நாளில் இருந்து 10 ஒயிரோ அல்லது 20 வீதம், இவற்றில் எது கூடவோ அதை நட்டஈடாகக் கேட்கலாம். கடைக்கு ஒரு நாள் பூட்டினாலே நட்டம் இதைவிடப் பல மடங்கு. ஆகவே தொழில் ஒப்பந்தத்தில், எத்தனை மணித்தியாலத்துக்குள் வந்து திருத்துவார்கள் என்பதை எழுத்தில் பார்த்துவிட்டுக் கையெழுத்து வையுங்கள். பிரச்சினை என்றால் பொன் நகரில் உள்ள புண்டஸ்நெற்ஸ்ஏஜென்ரூர் என்ற அரச நிறுவனத்தில் முறைப்பாடு செய்யலாம். வீட்டு ஒப்பந்தத்துக்குப் பெர்பிறவுகர்சென்ற்ராலேயில் ஆலோசனை கேட்கலாம்.

அன்பான உறவுகளே, அந்த அண்ணை என்னை ஒரு சொல்லும் ஏசவில்லை. நான் போய் மன்னிப்புக் கேட்டபோது, "உன்னிலை பிழை இல்லையடா தம்பி. வேலை முடிஞ்சு களைச்சு வந்த பெடியனிட்டை நான் கடிதத்தை நீட்டியிருக்கக் கூடாது" என்றார். அது எனக்கு ஏச்சைவிட நொந்தது.

பிறகு யோசித்துப் பார்த்தேன். முப்பது, நாற்பது வருடமாக எங்கட ஆக்கள் இந்த நாட்டில் கடிதம் வாசிப்பது கடை வாசலிலும், பஸ் தரிப்பிடத்திலும், கோவில் வீதியிலும்தான். ஒருவர் நாலு வரி பார்த்துச் சொல்லுவார், மற்றவர் நம்பிவிடுவார். அகதி விண்ணப்பக் கடிதத்தில் இருந்து ரெலிபோன் கடிதம் வரை இதே கதைதான். வீட்டு மட்டத்தில் இருந்தபோது இந்தப் பழக்கம் எப்படியோ சமாளித்துக்கொண்டு போனது. நாலு பேருக்குச் சம்பளம் கொடுக்கிற அளவுக்கு வளர்ந்தபின் இது போதாது.

ஆகவே சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்த மண்டபத்தில் ஒரு மேசை போடுவோம். இங்கே படித்து வளர்ந்த பிள்ளைகள் இரண்டு பேர், எங்களைப் போல் ஒருவர். கடிதத்தைக் கொண்டுவாருங்கள். கடைசிப் பக்கம் வரை வாசிப்போம். விளங்காவிட்டால் விளங்கவில்லை என்று சொல்லி, யாரிடம் கேட்பது என்று பார்ப்போம். முதல் ஆளாக நான் வந்து இருப்பேன். பின்னேர வேலை இல்லாத ஞாயிறாகப் பார்த்து வையுங்கள், அவ்வளவுதான்.

வாசலில் இந்த வருடக் கலண்டர் வைத்திருக்கிறது. எடுத்துக்கொண்டு போங்கள். அதில் அண்ணையின் பழைய எண்தான் இருக்கிறது. எடுத்துப் பாருங்கள், மணி அடிக்கும்.