பசுமையும் கரியும்

1956 அக்டோபர் முடியக் கோயமுத்தூர் ஜில்லாவைச் சேர்ந்திருந்தது கொள்ளேகால். அதற்குத் தெற்கே பிளிகிரி ரங்கன் மலை. அவ்வனம் எவ்வளவு கரியைத் தன்னுள் வைத்திருக்கிறதென்று வானிலிருந்தே அறியலாமென நாம் எண்ணக்கூடும்.

தழைத்த இலை அகச்சிவப்புக் கதிரை மிகுதியாகத் திருப்பி அனுப்பும். செயற்கைக்கோள் அதனை அளந்து பசுமையைக் கணிக்கிறது. ஆயின் பசுமை வேறு, மரம் வேறு. காட்டில் நிலத்தின் மேலுள்ள கரியின் பெரும்பங்கு மரத்தில் உள்ளது. உலர்ந்த கட்டையின் எடையில் ஏறத்தாழப் பாதி கரியே. அம்மலையிலோ உண்ணிச்செடி (நம் வேலியோரத்தில் பூக்கும் அதே அமெரிக்கச் செடிதான்) மரங்களின் கீழ் மண்டி, இளங்கன்றுகளை எழவொட்டாது தடுக்கிறது. இன்றுள்ள மரம் சாய்ந்தால் அவ்விடத்தை நிரப்பக் கன்றில்லை. விண்ணிலிருந்து நோக்கின் அப்புதரும் பச்சையே!

2025 ஜூலை 30இல் ஸ்ரீஹரிகோட்டாவினின்றும் ஏவப்பெற்ற, இந்தியாவும் அமெரிக்காவும் கூடிச் செய்த நைசார், ரேடார் அலைகளை இலைக்கூரையினூடே செலுத்திக் கிளையையும் அடிமரத்தையும் உணரவல்லது. 12 நாளுக்கொரு முறை அதே நிலத்தின்மேல் வரும். எனினும் அவ்வெதிரொலியை எடையாக மாற்ற, ஒருவர் காட்டினுள் புகுந்து அடிமரத்தை நாடாவால் சுற்றி அளந்தாக வேண்டும்.

அங்குள்ள சோளகரையும் கேட்க வேண்டும். சருகுக்குத் தீயிடும் தம் வழக்கம், 1974இல் அவ்வனம் சரணாலயமான பின் தடுக்கப்பட்டதனாலேயே உண்ணி பெருகிற்றென்பர் அவர்கள். அதனை எக்கோளும் படமெடுத்ததில்லை.