ஊரார் அனைவரும் காண ஒரு திரை

(ஊராட்சி உறுப்பினர்களுக்கான பயிற்சிக் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



இராமேசுவரத்தில் 323 மீட்டர் உயரத்துக்கு ஓங்கி நிற்கும் தூர்தர்ஷன் கோபுரத்தை நாம் அனைவரும் அறிவோம். 2006-ஆம் ஆண்டு தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தால் தொலைக்காட்சி குடிசைக்குள்ளும் வந்து சேர்ந்தது. ஆயினும், வீட்டுப் பெட்டி வீட்டாருக்கே போதுமானது. ஊர் முழுவதும் ஒருங்கே காணவேண்டுமாயின் பெருந்திரையும், படத்தை அதில் வீழ்த்தும் புரொஜெக்டரும் வேண்டும்.

இது வேடிக்கைக்காக அன்று. சனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 முதலிய நாட்களில் கூடும் கிராம சபையில் வரவு செலவு படிக்கப்படுகிறது. கடைசி வரிசையில் அமர்ந்துள்ள தாய்மார்களுக்கு அது எட்டாவிட்டால், படித்தும் பயனில்லை. மேலும், 1964 டிசம்பர் 22-ஆம் நாள் இரவு தனுஷ்கோடியைக் கடல் கொண்டதை நம் கரையோரம் மறக்கவில்லை. புயல் இருக்குமிடத்தைப் படமாகக் காண அன்று ஊராருக்கு வழியில்லை. இன்று பாம்பனில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றும்போதே, புயலின் போக்கையும் திரையில் காட்டலாம். கண்ணால் கண்டவர், படகைக் கரையேற்றத் தயங்கமாட்டார்.

இனி, இணைக்கும் முறையைக் காண்போம். தொலைக்காட்சிப் பெட்டிக்கும் புரொஜெக்டருக்கும் நேரே ஒரு கேபிளைச் செருகிவிட்டுப் படம் வரவில்லை என்று பலர் மனம் சோர்கிறார்கள். தொலைக்காட்சியின் எச்.டி.எம்.ஐ. துளைகள் படத்தை வாங்குபவை, கொடுப்பவை அல்ல. அவற்றுள் ஒன்றில் 'ஏ.ஆர்.சி.' என்று எழுதியிருந்தாலும், அது வெளியே அனுப்புவது ஒலியை மட்டுமே. கண்மாய்க்கு மடை எப்படியோ, படத்துக்குச் செட்டாப் பெட்டி அப்படி. எனவே, செட்டாப் பெட்டியின் 'அவுட்' துளையிலிருந்து புரொஜெக்டரின் 'இன்' துளைக்குக் கேபிளை இழுக்கவேண்டும். தொலைக்காட்சியும் உடன் ஓடவேண்டுமாயின், ஒரு வழியை இரண்டாக்கும் ஸ்ப்ளிட்டரை இடையில் வைக்கலாம்.

எச்.டி.எம்.ஐ. கேபிள் ஒன்றே படத்தையும் ஒலியையும் சுமக்கும். பழைய பெட்டியாயின் மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனைகள் இருக்கும். மஞ்சள் படத்துக்கு, மற்ற இரண்டும் ஒலிக்கு. இவ்வழியில் தெளிவு சற்றுக் குறையும். ஊராட்சிக் கணக்கைக் காட்டுவதற்குக் கணினியை எச்.டி.எம்.ஐ. வழியாகவோ, வி.ஜி.ஏ. கேபிள் வழியாகவோ இணைக்கலாம். வி.ஜி.ஏ. கேபிளில் படம் மட்டுமே செல்லும்.

மின்விசையை நிறுத்திவிட்டு முனைகளைப் பொருத்துங்கள். பின்னர் மின்விசையைச் செலுத்தி, புரொஜெக்டரின் 'சோர்ஸ்' பொத்தானை அழுத்தி, செருகிய துளையின் பெயரைத் தேர்ந்தெடுங்கள். இதை மறந்தால் திரை வெறுமையாகவே நிற்கும். சாதாரண எச்.டி.எம்.ஐ. கேபிள் 10 மீட்டருக்கு மேல் நீண்டால் படம் தடுமாறக்கூடும். எனவே செட்டாப் பெட்டியைப் புரொஜெக்டரின் அருகிலேயே வையுங்கள். ஒலியைத் தனிக் கம்பியில் ஒலிபெருக்கிக்குக் கொண்டுசெல்லுங்கள். புரொஜெக்டரின் சிறு குரல் திடலுக்குப் போதாது. பொழுது சாய்ந்தபின், சுண்ணாம்பு அடித்த சுவரே நல்ல திரையாகும்.

நம் கரையோரத்துக்கென்று ஓர் எச்சரிக்கை உண்டு. உப்புக் காற்றில் கேபிள் முனைகள் பச்சைக் களிம்பு ஏறிக் கெடும். கூட்டம் முடிந்ததும் உலர்ந்த துணியால் துடைத்து, மூடியுள்ள பெட்டியில் வையுங்கள். விளக்குள்ள புரொஜெக்டரை அணைத்தவுடன் மின்விசையைத் துண்டிக்காதீர்கள்; உள்விசிறி நிற்கும்வரை பொறுத்திருங்கள்.

கனமழையில் டிஷ் ஒளிபரப்பு மங்கும். புயல் இரவில் மின்சாரமும் நின்றுவிடும். ஆகவே திரை, புயலுக்கு முந்திய நாட்களுக்கு உரியது. அந்த இரவுக்குப் பேட்டரியில் இயங்கும் வானொலி ஒன்று ஊராட்சியில் கட்டாயம் இருக்கட்டும்.

ஒவ்வோர் ஊராட்சியிலும் இளைஞர் இருவர், பெண்கள் இருவர் இவ்வேலையைக் கற்றுக்கொள்ளட்டும். அடுத்த கிராம சபையில் கணக்கு திரையில் விளங்கட்டும். ஊரார் கண்ட கணக்கில் ஐயத்துக்கு இடமிராது. ஊரார் கண்ட எச்சரிக்கை உயிர்களைக் காக்கும்.