பிள்ளையின் பக்கத்தில் ஓர் ஆள்



1973 ஜனவரியில் இங்கிலாந்தின் பிறைட்டன் நகரில் மரியா கோல்வெல் என்ற ஏழு வயதுச் சிறுமி, தாயின் இரண்டாவது கணவர் அடித்த அடியில் இறந்துபோனாள். கைக்குழந்தையாக இருந்தபோதே அவளை எடுத்து வளர்த்தவர்கள் தகப்பனின் சகோதரியும் அவர் கணவரும். அத்தை வீட்டை விட்டுப் போகமாட்டேன் என்று பிள்ளை அடம்பிடித்தாள், அழுதாள். ஆனால் தாய் திருப்பிக் கேட்டபோது, பொறுப்பிலிருந்த உள்ளூராட்சி சபை எதிர்க்கவில்லை. 1971இல் நீதிமன்றம் அவளைத் தாயிடம் விட்டது.

அந்த வழக்கில் தாயின் விருப்பம் சொல்லப்பட்டது. சபையின் நிலைப்பாடு சொல்லப்பட்டது. மரியாவின் பக்கம் நின்று பேசத்தான் ஒருவரும் இல்லை. அவள் சாவுக்குப் பிறகு நாடே கொதித்தது. விசாரணைக் குழுவின் அறிக்கை 1974இல் வந்தது. மறு வருடமே, இத்தகைய வழக்குகளில் பிள்ளையின் நலனை மட்டும் பார்க்கத் தனியாக ஒருவரை நியமிக்கச் சிறுவர் சட்டம் வழிசெய்தது.

ஏறக்குறைய அதே காலத்தில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் டேவிட் சூகப் என்ற நீதிபதியையும் இதே குறை வாட்டியது. பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்ட பிள்ளைகள் எங்கே வளர வேண்டும் என்று முடிவெடுக்க வேண்டியவர் அவர். கையில் இருந்ததோ அரைகுறைத் தகவல். ஊர்மக்களிடமே உதவி கேட்டார். 1977இல் தொடங்கிய அந்தத் தொண்டர் திட்டம் நாடு முழுவதும் பரவியது. தொண்டருக்கு 30 மணி நேரப் பயிற்சி உண்டு, பின்னணி விசாரிக்கப்படும். பெரும்பாலும் ஒன்றிரண்டு பிள்ளைகளை மட்டும் ஏற்பார். வளர்ப்பு வீட்டுக்கும் பள்ளிக்கும் போவார். உறவினரைத் தேடிப் பேசுவார். கண்டதை எழுதி நீதிபதியிடம் கொடுப்பார். அவர் சட்டத்தரணி அல்லர், வளர்ப்புப் பெற்றோரும் அல்லர். அந்தப் பிள்ளையை அறிந்த ஒருவர், அவ்வளவுதான்.

இங்கே இலங்கையில், கண்டியின் நிலைமை என்ன? சட்டத்துக்குக் குறைவில்லை. 1939ஆம் ஆண்டின் சிறுவர்கள், இளைஞர்கள் கட்டளைச் சட்டப்படி, பாதுகாப்புத் தேவைப்படும் பிள்ளையை உறவினரிடமோ தகுதியான வேறொருவரிடமோ நீதிமன்றம் ஒப்படைக்கலாம். 1991இல் இலங்கை ஏற்ற ஐ.நா. சிறுவர் உரிமைச் சமவாயத்தின் 12ஆம் உறுப்புரை, தன்னைப் பற்றிய வழக்கில் நேரிலோ பிரதிநிதி மூலமோ பிள்ளை பேசலாம் என்கிறது. சுனாமிக்குப் பின் வந்த 2005இன் 16ஆம் இலக்கச் சட்டம், அந்த அனர்த்தத்தில் பாதிக்கப்பட்ட பிள்ளைகளின் வளர்ப்புப் பராமரிப்புக்கு விதிகள் வகுத்தது.

களத்தில் பாரம் சுமப்பவர் நன்னடத்தை உத்தியோகத்தர். வீட்டுக்குப் போவது, அறிக்கை எழுதுவது, வழக்குக்கு வருவது, சிறுவர் இல்லத்தைப் பார்ப்பது எல்லாம் அவர் தலையில். மலைநாட்டுத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு மொழிச் சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. வடக்குக் கிழக்குக்கு வெளியே நீதிமன்ற மொழி சிங்களம். மொழிபெயர்ப்பைப் பெறும் உரிமை அரசியலமைப்பில் உண்டு. என்றாலும் கேட்ட கேள்வியைத்தான் மொழிபெயர்க்க முடியும். கேட்காமல் விட்டது பிள்ளையின் மனதிலேயே கிடந்துவிடும்.

கலஹாப் பக்கத்துத் தோட்டமொன்றில் ஓர் அண்ணனும் தங்கையும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். தாய் வேலைக்காக வெளிநாடு போய்விட்டார். தகப்பன் குடிக்கு அடிமை. ஆண் பிள்ளைகளுக்கு ஓர் இல்லம், பெண் பிள்ளைகளுக்கு வேறோர் இல்லம் என்று இருவரும் பிரிந்துபோகிறார்கள். அடுத்த மலையில் அம்மாச்சி இருக்கிறார். பஸ்ஸுக்குக் காசில்லாததால் தவணைக்கு வருவதில்லை. வழக்குக் கோவையில் அவர் பெயரே இராது. லயத்து வாசலில் போய் உட்கார்ந்து பேசுகிற ஒருவருக்குத்தான் அது தெரியவரும். பிள்ளைகள் இருவரையும் அம்மாச்சி ஏற்பாரா, என்ன உதவி தேவை, தகப்பன் வந்து தொல்லை கொடுத்தால் யார் தடுப்பது என்று விசாரித்து எழுதினால் நீதவானுக்கு முடிவெடுக்க ஓர் அடிப்படை கிடைக்கும். உடன்பிறந்தோரைப் பிரிக்கக்கூடாது, இல்லம் கடைசி வழியாக இருக்க வேண்டும் என்று 2009ஆம் ஆண்டின் ஐ.நா. வழிகாட்டிகளும் சொல்கின்றன.

இந்த வேலைக்குச் சியாட்டிலைப் போல நாமும் தொண்டர்களை அமர்த்தலாம். ஆனால் தொண்டர் என்று எவரையும் பிள்ளையிடம் விட்டுவிட முடியாது என்ற அச்சம் நியாயமானது. ஆகவே நியமனம் நீதிமன்றத்திடமும் மேற்பார்வை நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்களத்திடமும் இருக்க வேண்டும். பொலிஸ் அறிக்கை பெற வேண்டும். பிள்ளையின் பெயரும் படமும் வெளியே போகக்கூடாது. உத்தியோகத்தரின் வேலையைப் பறிப்பதாகவும் இது அமையக்கூடாது. அவருக்கு எட்டாத தகவலைக் கொண்டுவந்து சேர்ப்பதே தொண்டரின் பணி.

13ஆவது திருத்தத்தின்படி நன்னடத்தையும் சிறுவர் பராமரிப்பும் மாகாணத்தின் கையில் இருக்கின்றன. கண்டி, மாத்தளை, நுவரெலியா மூன்றுக்குமான மத்திய மாகாண சபை அலுவலகத் தொகுதி கண்டியை அடுத்த பல்லேகலயில்தான் இருக்கிறது. ஒரே ஒரு நீதிமன்றத்தில், தமிழும் சிங்களமும் தெரிந்த சில ஓய்வுபெற்ற ஆசிரியர்களையும் தாதியரையும் வைத்துத் தொடங்கலாம். ஒரு வருடம் நடத்தி, எத்தனை பிள்ளைகள் உறவினரிடம் திரும்பினார்கள், எத்தனை உடன்பிறந்தோர் ஒன்றாக இருக்கிறார்கள் என்று கணக்கெடுத்து, திணைக்களம் அதன் அறிக்கையை இந்த அவையிலேயே அடுத்த சொற்பொழிவின்போது வைக்கட்டும்.