லவ்பேர்ட் இணையும் வீட்டுப் பழைய பறவைகளும்
(தோட்டப் பாட்டாளிகளிடையே நிகழ்த்திய உரை)



பால்மரம் வெட்டித் திரும்பியபின், வாசலில் தொங்கும் கூண்டருகே நின்று மெர்போக் புறாவின் குரலைக் கேட்பது நம்மில் பலருக்கு இன்பம். அதற்குத் துணையாக ஓர் இணை லவ்பேர்ட் வேண்டுமெனப் பிள்ளைகள் கேட்கின்றனர். தாராளமாக வாங்கலாம், ஆனால், வாங்கிய அன்றே பழைய பறவைகளோடு சேர்த்துவிடாதீர்கள்.

நாம் லவ்பேர்ட் என்றழைப்பது பல வேளைகளில் நீண்ட வாலுடைய பட்ஜியையே. அது ஆஸ்திரேலியப் பறவை. உண்மையான லவ்பேர்ட் ஆப்பிரிக்கக் கிளியினம்; வால் குட்டை, அலகு தடிப்பு. தன் இணையோடு நெருங்கி அமர்வதால் அப்பெயர் பெற்றது. பிற பறவைகளிடம் அவ்வன்பை எதிர்பார்த்தல் வீண். என் வீட்டில் இரு கூண்டுகளை ஒட்டி வைத்திருந்தேன். கம்பியிடுக்கின் வழியாகவே பட்ஜியின் விரலொன்றை லவ்பேர்ட் கடித்துத் துண்டித்துவிட்டது. பிழை என்னுடையதே. மெர்போக்கிற்கோ திருப்பிக் கடிக்கவும் தெரியாது. ஆகவே, அலகு எட்டாத தொலைவில் தனிக் கூண்டே என்றும் தக்கது.

இதனினும் பெரிது நோய். சிட்டக்கோசிஸ் என்னும் கிளிக்காய்ச்சல் கிருமி, நலமாகத் தோன்றும் பறவையிடத்தும் மறைந்திருக்கும். இடம் மாறிய அலைச்சலில் அது எச்சத்தோடு வெளிப்படும். உலர்ந்த எச்சத்தின் தூசியைச் சுவாசிக்கும் மனிதரையும் அது பற்றும். ஆதலின் புதிய இணையைக் குறைந்தது 30 நாள் ஒதுக்கி வையுங்கள். லயத்து வீட்டில் தனியறை ஏது என்பீர்கள். உண்மைதான். பறவை வளர்க்காத உறவினர் வீட்டில் விட்டுவைக்கலாம். இயலாவிடில், அடுப்புப் புகையும் கொசுவர்த்திப் புகையும் எட்டாத வேறொரு மூலையிலாவது வையுங்கள். புகை பறவைகளுக்கு ஆகாது.

நாள்தோறும் பழைய பறவைகளுக்கு முதலில் தீனியிடுங்கள். புதியவற்றைப் பின்னர்க் கவனித்து, சவர்க்காரமிட்டுக் கை கழுவுங்கள். எச்சத்தை நீர் தெளித்து நனைத்த பின்னரே அகற்றுங்கள், உலர்ந்தபடியே பெருக்காதீர்கள். இறகு சிலிர்த்து ஒடுங்கியிருத்தல், கண்ணில் நீர் வடிதல், தீனி மறுத்தல் ஆகியவை காணின் கால்நடை மருத்துவரை நாடுங்கள்.

வீட்டில் எவருக்கேனும் காய்ச்சல், கடுந்தலைவலி, வறட்டிருமல் கண்டால், பறவை வளர்ப்பதை மருத்துவரிடம் மறவாது கூறுங்கள். உரிய மருந்தால் இந்நோய் குணமாகும். ஆனால், நாம் சொல்லாவிடில் அதனைச் சாதாரணக் காய்ச்சலென்றே அவர் கருதக்கூடும்.