ஆதித்தனார் அச்சேற்றிய தமிழ்



தமிழ் இதழியல் என்றாலே நாம் பாரதியின் ‘இந்தியா’வில் தொடங்கி, திரு.வி.க.வின் ‘நவசக்தி’யைத் தொட்டு, ‘மணிக்கொடி’யோடு நின்றுவிடுகிறோம். சி.பா. ஆதித்தனாருக்கு ஒரு பத்தி ஒதுக்குவதோடு சரி. அந்தக் குறையைத் தீர்க்கவே இந்த மாநாடு முழுவதையும் அவருக்கென்று வைத்திருக்கிறோம்.

திருச்செந்தூர்ப் பக்கத்துக் காயாமொழியில் 1905-இல் பிறந்தவர். லண்டனில் பாரிஸ்டர் படிப்பு, சிங்கப்பூரில் வழக்கறிஞர் தொழில். அந்த வசதியையெல்லாம் விட்டுவிட்டு வந்து, உலகப் போரால் காகிதத்துக்கே தட்டுப்பாடாக இருந்த 1942 நவம்பரில், மதுரையில் ‘தந்தி’ நாளேட்டைத் தொடங்கினார்.

அந்தத் தாள் போய்ச் சேர்ந்த இடம் டீக்கடை. பக்கம் பக்கமாகப் பிரித்து ஆளுக்கொரு தாளாகப் படிப்பார்கள். எழுத்தறிந்த ஒருவர் உரக்க வாசிக்க, மற்றவர்கள் கிளாஸைக் கையில் பிடித்தபடி கேட்பார்கள். காதால் கேட்டாலே விளங்க வேண்டுமென்றால் வாக்கியம் எவ்வளவு சிறியதாக, நேரானதாக இருக்க வேண்டும்! பேசுகிற தமிழையே கொச்சை நீக்கி எழுதச் சொன்னார். தம் செய்தியாளர்களுக்கு அவர் கற்பித்ததை ‘இதழாளர் கையேடு’ என்று நூலாகவும் எழுதிவைத்தார். கொலைச் செய்தியில் வரும் ‘சதக் சதக்’கைக் கேலி பேசியவர்கள் உண்டு. ஆனால் அந்தத் தாளை வைத்து எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகியவர்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள். 1960-இல் தொடங்கிய ‘கன்னித்தீவு’ படக்கதைக்காகவே பேப்பரைப் புரட்டிய பிள்ளைகள் இந்த அவையிலேயே பேராசிரியர்களாக அமர்ந்திருக்கிறார்கள். தமிழ் உரைநடை வரலாற்றில் அவருக்கு உரிய இடத்தை நாம் இன்னும் கொடுக்கவில்லை என்பது என் உறுதியான கருத்து.

புகழ்வதோடு நம் கடமை தீர்ந்துவிடாது. 1958-இல் ‘நாம் தமிழர்’ இயக்கம் கண்டு தனித் தமிழ்நாடு கேட்டவர், 1967-இல் சட்டமன்றப் பேரவைத் தலைவரானார். பிறகு கலைஞர் அமைச்சரவையிலும் இடம்பெற்றார். நாளேட்டை நிறுவியவரே பேரவையை நடத்திய அந்த நாட்களில் அவைச் செய்திகள் எப்படி அச்சேறின? எது முதல் பக்கம் வந்தது, எது உள்ளே போனது? வரி வரியாகப் பார்த்துச் சொல்ல வேண்டியவர்கள் நாம்தான். அவ்வளவு செல்வாக்கோடு வாழ்ந்தவரை அளந்து பார்க்காமல் விடுவது மரியாதை ஆகாது.

இதற்கெல்லாம் பழைய தாள்கள் வேண்டும். அந்தக் காலக் காகிதம் தொட்டாலே நொறுங்குகிறது. உங்கள் வீட்டுப் பரணிலோ, ஊர்ப் படிப்பகத்திலோ 1940கள், 50களின் நாளேடுகள் கட்டுக்கட்டாகக் கிடந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கோ, பக்கத்திலுள்ள பல்கலைக்கழக நூலகத்துக்கோ கொடுத்து உதவுங்கள் என்று இந்த அவையின் சார்பில் கேட்டுக்கொள்கிறேன்.