மெழுகும் விண்ணலையும்
(சுவாமிமலையில் ஆற்றிய உரை)



படிமம் வார்ப்போர் வாழும் இவ்வூரில், விண்ணலை வாங்கும் கருவியைப் பற்றிப் பேசுதல் பொருந்துமா எனச் சிலர் வினவலாம். மிகப் பொருந்தும் என்பதே என் விடை.

விண்மீன்கள் பிறக்கும் குளிர்முகில்களில், கரியும் உயிர்வளியும் ஓரணுவோடு ஓரணுவாய்க் கூடிய வளியொன்று உண்டு. அது 2.6 மில்லிமீட்டர் நீள அலையை வெளியிடுகிறது. 1970-இல் வில்சன், செபர்ட்சு, பென்சியாசு என்னும் அறிஞர் மூவர் அமெரிக்காவில் அதனைக் கண்டறிந்தனர்.

மிக மெலிந்த அவ்வலையைக் குவியாடி திரட்டித் தர, முதலில் ஏற்பது கொம்பு வடிவான செம்புக் குழல். அதன் உட்சுவரில் வளையம் வளையமாகப் பள்ளங்கள் வேண்டும். ஒவ்வொன்றின் ஆழமும் அலைநீளத்தில் ஏறத்தாழக் காற்பங்கு, அஃதாவது 0.65 மில்லிமீட்டர். குறுகிய குழலுக்குள் உளி விட்டு இவற்றைக் கடைதல் அரிது. ஆதலின் அலுமினியத்தில் உட்கருவைக் கடைந்து, அதன்மேல் மின்னாற்றலாற் செம்பைப் படியவைத்து, பின்னர்க் காரநீரில் உட்கருவைக் கரைத்துவிடுவர். செம்புக் கொம்பு எஞ்சும்!

இம்முறை உங்களுக்குப் புதிதா? மெழுகிற் பாவை செய்து, காவிரி வண்டல் பூசி, நெருப்பிலிட்டு மெழுகை உருக்கி வெளியேற்றும் ஊரன்றோ இது! இங்கே மெழுகு நீங்கிய இடத்தை ஐம்பொன் நிரப்புகிறது. அங்கே கரு நீங்கிய வெற்றிடமே அலைக்கு வழியாகிறது. அளவின் நுண்மை வேறு, கருத்து ஒன்றே.

கொம்பிற் புகுந்த அலை அடுத்துக் கலப்பியை அடைகிறது. சுழிக்குக் கீழ் 269 செல்சியசு அளவு குளிர்விக்கப்பெற்ற நையோபியத் தகடுகள் அங்கே உள்ளன. கருவி தானே ஆக்கும் மற்றோர் அலையோடு விண்ணலை அங்குக் கலக்கிறது. சற்றே வேறுபட்ட இரு நரம்புகளை ஒருங்கே மீட்டினால் எழும் துடிப்பைப் போல, பெருக்குதற்கெளிய தாழ்ந்த அதிர்வு பிறக்கிறது.

இக்கலை மேலையர்க்கே உரியதன்று. 1890-களிலேயே கொல்கத்தாவில் சகதீச சந்திர போசு ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் அலைகளை ஆக்கி, கொம்பு வடிவ ஏற்பியையும் ஆண்டார். அவர்க்குக் கருவி செய்யத் துணைநின்றவர் ஒரு தகரவேலைக்காரர் என்பர். பிற்காலத்தில் பெங்களூர் இராமன் ஆய்வு நிறுவனத்தில் 10.4 மீட்டர் குறுக்களவுள்ள மில்லிமீட்டர் அலைத் தொலைநோக்கி நிறுவப்பெற்றது. 1972 முதல் 1994 வரை அந்நிறுவனத்தின் இயக்குநராயிருந்த இராதாகிருட்டிணன் சென்னையிற் பிறந்தவர்.

பெருமக்களே! 'ஆரன், மிக்சர், மேன்ட்ரல்' என்று மட்டுமே கேட்கும் வார்ப்பவர் மகன், இது தனக்கு எட்டாத கல்வி என ஒதுங்கிவிடுகிறான். 'கொம்பு, கலப்பி, உட்கரு' என்று சொல்லிப் பாருங்கள்! பாதிப் பாடத்தைத் தந்தையின் பட்டறையிலேயே கற்றுவிட்டதை உணர்வான். கையில் தொழில் உண்டு. நாவில் சொல் உண்டு. இரண்டையும் இணைப்பது ஆசிரியர் கடன். அறிவியற் பாடம் ஒன்றையேனும் வார்ப்புப் பட்டறையில் நடத்துங்கள்!