விடியற்காட்சியும் நீக்கப்பட்ட ஈரெழுத்தும்

  

எழுதிய பாடலில் எதனை வைப்பது, எதனை நீக்குவது என்னும் வினா கவிஞர்க்கு மட்டும் உரியதன்று. விடியற்பொழுதில் மலையையும் வெளியையும் படமெடுக்கும் ஒளிப்படக் கலைஞரும் அதே வினாவோடுதான் காமிராவின் பின்னே நிற்கிறார். பத்தாண்டுகளாகப் பாக்களைப் படித்தும் திருத்தியும் வந்துள்ள இவ்வட்டத்தின் விழாவில், ஒரேயொரு விடியற்படத்தின் வரலாற்றை எடுத்து ஆராய்வது பொருத்தமுடையதாகும்.

அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ் 1944ஆம் ஆண்டில் எடுத்த ‘குளிர்கால ஞாயிற்றெழுச்சி’ என்பதே அப்படம். கலிபோர்னியாவின் கிழக்கெல்லையை ஒட்டிய ஓவன்ஸ் பள்ளத்தாக்கில் லோன் பைன் என்னும் சிற்றூர் இருக்கிறது. அதற்கு மேற்கே சியெரா நெவாடா மலைத்தொடர் மதில்போல் எழுந்து நிற்கிறது. அலாஸ்காவை விடுத்து நோக்கின் அமெரிக்கப் பெருநிலத்தின் மிக உயர்ந்த சிகரமான விட்னி, 4,421 மீட்டர் உயரத்தோடு அத்தொடரில்தான் உள்ளது. கிழக்கே கதிரவன் எழும்போது, மேற்கிலுள்ள இம்மலைமுடிகளே முதலில் ஒளியைப் பெறுகின்றன. பள்ளத்தாக்கு அப்போதும் இருளிலேயே கிடக்கும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட சில நிமிடங்களே ஆடம்ஸ் வேண்டிய பொழுது.

அப்பொழுது எளிதில் வாய்க்கவில்லை. நான்கு நாட்கள் விடியலில் வந்து முயன்றும் எண்ணிய ஒளி கிட்டவில்லை. ஐந்தாம் நாள் கடுங்குளிரில், காரின் மேல் அமைத்த மேடையில் பெரிய காமிராவை நிறுத்திவிட்டு, மனைவி வர்ஜீனியாவோடு காருக்குள் காத்திருந்தார். அன்று மேகங்கள் நகர்ந்தன. அவற்றின் நிழல்கள் புல்வெளியிலும் குன்றுகளிலும் விரைந்து ஓடின. பனிமுடிகள் ஒளிர்ந்தன, இடையிலிருந்த குன்றுகள் கருமையாய்க் கிடந்தன, கீழே புல்வெளியில் ஒரு கீற்றளவு வெயில் விழுந்தது. அவ்வெயிலில் ஒரு குதிரை மேய்ந்துகொண்டிருந்தது. ஆனால் அது பின்புறத்தையே காட்டி நின்றமையால், தொலைவில் வெட்டுண்ட மரத்தின் அடிக்கட்டைபோல் தோன்றியது. ஆடம்ஸ் சில படங்களை எடுத்தார், மனம் நிறையவில்லை. இறுதியில் குதிரை ஒருக்களித்துத் திரும்பியது. அக்கணத்தில் எடுத்ததே இப்படம். அடுத்த ஒரு நிமிடத்திற்குள் வெயில் எங்கும் பரவி, ஒளியும் இருளும் பிணைந்த அவ்வழகு மறைந்துவிட்டது.

நிலமும் பொழுதும் முதற்பொருள் என்றும், அந்நிலத்து உயிர்களும் பிறவும் கருப்பொருள் என்றும், உள்ளத்து உணர்வு உரிப்பொருள் என்றும் தொல்காப்பியம் வகுத்தது. அவ்வகுப்பை அறிந்தவர்க்கு இக்காத்திருப்பின் பொருள் எளிதில் விளங்கும். நிலம் முதல் நாளிலேயே அங்கிருந்தது. பொழுது ஐந்தாம் நாளில் வந்தது. அப்போதும் படம் நிறைவுறவில்லை. கருப்பொருள் தன் உருவைக் காட்டவேண்டியிருந்தது. படத்தின் பரப்பில் குதிரை மிகச் சிறியது. ஆயினும் மலையின் பேரளவு அதனாலேயே புலனாகிறது. குளிரும் தனிமையும் அதனாலேயே உணர்வாகின்றன. காட்சியமைப்பு என்பது பொருள்களை இடம்மாற்றி அடுக்குவது அன்று. அவை தாமே ஒழுங்குறும் கணத்தைத் தவறவிடாது இருப்பது என்பதற்கு இப்படம் சான்று.

இனித் திருத்தத்திற்கு வருவோம். ஆடம்ஸ் இளமையில் பியானோ பயின்றவர். நெகடிவ் இசைக்குறிப்பு போன்றது, அச்சுப்படி அதன் அரங்கேற்றம் போன்றது என்பது அவர் அடிக்கடி கூறிய உவமை. கருமை முதல் வெண்மைவரை ஒளியைப் படிகளாகப் பகுத்து அளந்து படமெடுக்கும் முறையை, 1940ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிரெட் ஆர்ச்சருடன் சேர்ந்து வகுத்தவரும் அவரே. இருட்டறையில் அச்சிடும்போது, தாளின் ஒரு பகுதிக்குச் செல்லும் ஒளியைச் சிறிது மறைத்தால் அப்பகுதி வெளிறும். ஒரு பகுதிக்கு ஒளியை நீட்டித்தால் அது கருக்கும். இவ்வழியில் கண்ட காட்சியை உணர்ந்த காட்சியாக்க இயலும். இதனைப் பொய் என்று எவரும் சொல்வதில்லை. மாலையைத் துயரின் பொழுதாகக் காட்டும் கவிஞரைப் பொய்யர் என்பதில்லை அல்லவா?

சிக்கல் இதற்கப்பால் இருக்கிறது. படத்தின் இடப்புறக் குன்றில் ‘எல்’, ‘பி’ என்னும் ஆங்கில எழுத்துகள் இரண்டு பெரிதாகத் தெரிந்தன. லோன் பைன் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் வெள்ளையடித்த கற்களை அடுக்கி, ஊர்ப்பெயரின் முதலெழுத்துகளை அங்கே அமைத்திருந்தனர். ஆடம்ஸ் அவ்வெழுத்துகளை நெகடிவில் இயன்றவரை அகற்றினார். எஞ்சிய தடத்தை அச்சுப்படியிலும் மறைத்தார். இதனைச் சிலர் கண்டித்தனர். 1983இல் வெளிவந்த, நாற்பது படங்கள் உருவான வரலாற்றைக் கூறும் தம் நூலில், அவர் இச்செயலை மறைக்காமல் எழுதினார். அவருக்கு அவ்வெழுத்துகள் மலையின்மேல் விழுந்த வடு. அதனைப் பேணும் அளவுக்குத் தாம் தூய்மைவாதி அல்லர் என்பது அவர் விடை.

இவ்விடையை அப்படியே ஏற்பதற்கில்லை. கலைஞர்க்கு வடுவாகப் பட்டது, கல் சுமந்து குன்றேறிய மாணவர்க்குத் தம் ஊரின் கையொப்பம். குதிரை இருக்கலாம், ஊராரின் எழுத்து இருத்தலாகாது என்பது இயற்கை வகுத்த விதியன்று. மனிதத் தடமற்ற மலையே தூய மலை என்னும் ஒரு கொள்கையின் விளைவு. நிழலை ஆழப்படுத்துவது உரை சொல்வது போன்றது. இருந்த பொருளை இல்லாததாக்குவது மூலபாடத்தில் கைவைப்பது போன்றது.

இப்படத்தின் காலமும் இடமும் இவ்வினாவை மேலும் கூர்மையாக்குகின்றன. லோன் பைனுக்கு வடக்கே, காரில் சிறிது நேரத்தில் சென்றடையும் தொலைவில், மன்சனார் முகாம் இருந்தது. 1942 பிப்ரவரியில் குடியரசுத் தலைவர் ரூசுவெல்ட் பிறப்பித்த ஆணையைத் தொடர்ந்து, ஜப்பானிய வழிவந்த ஏறத்தாழ 1,20,000 பேர் வீடுகளிலிருந்து அகற்றப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்கள். மன்சனாரில் மட்டும் பதினாயிரம் பேர் அடைபட்டிருந்தனர். அவர்களைப் படமெடுப்பதற்காகவே ஆடம்ஸ் 1943இலும் 1944இலும் அப்பள்ளத்தாக்கிற்கு வந்தார். அவர்கள் குற்றமற்ற குடிமக்கள் என்று உணர்த்தும் நூலை, போர் நடந்துகொண்டிருந்த 1944ஆம் ஆண்டிலேயே வெளியிட்டார். அது துணிவான செயல். ஆயினும் அவர் படங்களில் முள்வேலியும் காவற்கோபுரமும் போதிய இடம்பெறவில்லை என்னும் குறை திறனாய்வாளரால் சுட்டப்பட்டது. காவற்கோபுரத்தின் மேலிருந்து முகாமை அவர் படமெடுத்ததுண்டு. நின்று பார்த்த இடமாகக் கோபுரம் அமைந்தது. பார்க்கப்பட்ட பொருளாக அது பெரிதும் அமையவில்லை.

அவருக்கு முன் 1942இல் அரசின் பணியாகவே மன்சனாரைப் படமெடுத்தவர் டோரதியா லாங்கே. அவருடைய படங்களைப் போர்க்காலம் முழுவதும் மக்கள் பார்வைக்கு விடாமல் அரசு முடக்கிவைத்தது. ஆக, அப்பள்ளத்தாக்கில் இருவகை நீக்கங்கள் நிகழ்ந்தன. ஒன்று, கலைஞர் தம் அழகுணர்வுக்காகச் செய்து, பின்னர்த் தாமே எழுதி ஒப்புக்கொண்டது. மற்றொன்று, அதிகாரம் தன் செயலை மறைக்கச் செய்தது. இரண்டையும் ஒன்றெனக் கொள்வது நேர்மையன்று. ஆயினும் முன்னது பின்னதன் அண்டையில் நிகழ்ந்தது என்பதை மறப்பதும் நேர்மையன்று.

இன்று இருட்டறையும் தூரிகையும் வேண்டியதில்லை. விடியற்படத்தில் குறுக்கிடும் மின்கம்பத்தையோ குடிசையையோ கைப்பேசியிலேயே விரல்நுனியால் அழித்துவிடலாம். அழிப்பது எளிதானதால், அழிக்குமுன் கேட்கவேண்டிய கேள்விகள் எளியவாகிவிடவில்லை. நீக்கப்படுவது யாருடைய தடம்? அது நீங்குவதால் காட்சி தெளிகிறதா, அன்றி உண்மை ஒன்று மறைகிறதா? பின்னாளில் ஒருவர் கேட்பின், நீக்கியதை நீக்கினேன் என்று சொல்ல இயலுமா?

மலையைப் பாடும் கவிஞரும் இவற்றைத் தமக்குள் கேட்டுக்கொள்ள வேண்டும். பாட்டின் செறிவுக்காக ஒரு சொல்லை வெட்டுவது அவருடைய உரிமை. பாட்டின் தூய்மைக்காக அம்மலையில் வாழ்வோரை வெட்டுவது அவ்வுரிமைக்குள் அடங்குமா என்பதை ஒவ்வொரு பாட்டிலும் புதிதாக முடிவுசெய்தாக வேண்டும். ஆடம்ஸ் ஒரு குதிரை திரும்பும்வரை பொறுமையோடு காத்திருந்தார். அப்பொறுமையில் ஒரு பங்கை அவ்விரண்டு எழுத்துகளுக்கும் அளித்திருப்பின் படம் எவ்வாறு அமைந்திருக்கும் என்பதை இவ்வவையினர் எண்ணிப் பார்த்தல் நன்று.